பெட்ரோல் பங்க் இருந்த மனை: மண்ணில் எண்ணெய் இருக்கிறதா என்று இடத்திலேயே பார்க்க முடியுமா?

நீங்கள் கேட்டது இது: பத்து வருஷத்துக்கு முன் மூடிய பெட்ரோல் பங்க் நின்ற மனையை வீடு கட்ட வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டாங்கையெல்லாம் எடுத்துவிட்டு மண் கொட்டி மூடியாயிற்று என்கிறார் தரகர். மழை பெய்தால் மட்டும் ஒரு மூலையில் மண்ணெண்ணெய் மாதிரி வாடை வருகிறது. லேபுக்குப் போகாமல் இடத்திலேயே சோதித்துப் பார்க்க முடியுமா, இல்லையென்றால் வேளாண் ஆய்வகத்துக்கு அனுப்புகிற மாதிரி ஒரு கிலோ மண் எடுத்து அனுப்பினால் போதுமா? நான் படித்த வரையில் உங்கள் கேள்வி சோதனையைப் பற்றியது மட்டுமல்ல. இந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கலாமா, போர் போட்டுத் தண்ணீர் குடிக்கலாமா, விலையைக் குறைக்கச் சொல்லலாமா என்ற மூன்றும் அதற்குள் இருக்கின்றன. மண்ணையும் நிலத்தடி நீரையும் மாதிரி எடுத்துப் பார்ப்பதே பல வருஷமாக என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒன்று. இடத்திலேயே செய்யும் சோதனைகளால் 'இங்கே எண்ணெய் இருக்கிறது' என்று சொல்ல முடியும். 'இந்த மனையில் எண்ணெய் இல்லை' என்று சொல்ல எந்தக் கைக்கருவியாலும் முடியாது. இருக்கிறது என்பதற்கு ஒரு குழி போதும். இல்லை என்பதற்குச் சரியான இடங்களில், சரியான ஆழத்தில் பல குழிகளும், அவற்றுக்கு லேப் ரிப்போர்ட்டும் வேண்டும். விற்பவர் கையில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு 'சீரோ காட்டுது சார்' என்றால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது, எந்த மண்ணில், எத்தனை அடி ஆழத்தில் என்பதைத்தான்.

பங்க் மண்ணில் பெரும்பாலும் மூன்று சரக்கு கலந்திருக்கும்: பெட்ரோல், டீசல், கழிவு ஆயில். மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பெட்ரோல் லேசானது, சீக்கிரம் ஆவியாகும். பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் என்ற நான்கும் அதில்தான் அதிகம். தண்ணீரில் ஓரளவு கரைந்து தூரமாகப் போகக்கூடியவையும் அவையே. டீசல் அவ்வளவு ஆவியாகாது, வருஷக்கணக்கில் மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். என்ஜின் கழிவு ஆயில் கனமானது, கருப்பாகக் கண்ணுக்கே தெரியும், பெரும்பாலும் கொட்டிய இடத்தைவிட்டு நகராது. ஆகவே கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது ஆபத்தில் கடைசியாகவும், கண்ணுக்கே தெரியாதது முதலாகவும் இருப்பது சகஜம். நீங்கள் சொல்லும் மண்ணெண்ணெய் வாடை பழைய டீசலாகவோ, லேசான பகுதியெல்லாம் பறந்துபோன பெட்ரோலாகவோ இருக்கலாம். மூக்கால் அதற்கு மேல் பிரிக்க முடியாது. மழை பெய்தால் மட்டும் வாடை வருவதற்குக் காரணம், இறங்கும் தண்ணீர் மண்ணின் துளைகளில் அடைந்திருந்த காற்றை மேலே தள்ளுவதாக இருக்கக்கூடும்.

இனி, எங்கே தோண்டுவது? முக்கால்வாசி சோதனைகள் வீணாகப் போவது இங்கேதான். பங்க் டாங்க் சாதாரணமாக இரண்டு மீட்டர் விட்டம் உள்ள உருளை. மேலே ஒரு மீட்டர் அளவுக்கு மண் மூடியிருக்கும். அப்படியென்றால் அதன் அடிப்பாகம் ஏறக்குறைய பத்து அடி ஆழத்தில். கசிந்தது எல்லாம் அதற்கும் கீழே இறங்கியிருக்கும். டாங்கை எடுத்த பிறகு அந்தக் குழியை வெளியிலிருந்து கொண்டுவந்த கிராவலையும் கட்டட இடிபாட்டையும் போட்டு நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பு மண்ணில் எத்தனை மாதிரி எடுத்தாலும் பெரும்பாலும் சுத்தமாகத்தான் வரும், ஏனென்றால் அது பங்க்கின் மண்ணே இல்லை. நிரப்பு முடிந்து பழைய மண் தொடங்கும் இடம் வரை போய், குழியின் அடியிலும் பக்கச் சுவரிலும் எடுத்தால்தான் அந்த மாதிரிக்குப் பொருள் உண்டு. டாங்க்குக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியவை: பெட்ரோல் போடும் மெஷின்கள் நின்ற மேடைக்குக் கீழே, டாங்க்கிலிருந்து மெஷினுக்கு வந்த குழாயின் இணைப்புகள், லாரியிலிருந்து சரக்கு இறக்கிய வாய், ஆயில் மாற்றிய இடம், கழிவுநீர் போன சாக்கடை. என் அனுபவத்தில் டாங்க்கைவிடக் குழாய் இணைப்புகளில்தான் கசிவு அதிகம்.

ஆழத்தில் இன்னொரு விஷயம். பெட்ரோலும் டீசலும் தண்ணீரைவிட லேசு. கீழே இறங்கி நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன் மேல் மிதந்து பரவும். நம் ஊரில் அந்த நீர்மட்டம் ஐப்பசி, கார்த்திகையில் ஏறி, சித்திரை, வைகாசியில் இறங்குகிறது. மிதக்கிற எண்ணெயும் கூடவே ஏறி இறங்கி, அந்த உயரம் முழுக்க மண்ணில் பூசிவிடுகிறது. மே மாதம் நீர்மட்டத்துக்கு அருகில் மட்டும் எடுத்தால் டிசம்பர் பூசிவிட்டுப் போன அடுக்கு தவறிப்போகும். மாதிரி எடுக்கும்போது இரண்டடிக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே இறங்குவது இதற்காகத்தான்.

வேளாண் ஆய்வகத்துக்கு எடுக்கிற மாதிரி எடுத்தால் போதுமா என்றால், அதுதான் இங்கே செய்யவே கூடாதது. அங்கே 'வி' வடிவக் குழி வெட்டி, வயலின் பல இடங்களில் எடுத்த மண்ணை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்துக் கழித்து, நிழலில் உலர்த்தி, சலித்துப் பையில் போடுகிறோம். மணிச்சத்துக்கும் சாம்பல்சத்துக்கும் அது சரி. பெட்ரோலுக்கு அந்த ஒவ்வொரு படியும் தேடுகிற பொருளையே காற்றில் விடுவது. கலந்தால் ஆவியாகும், உலர்த்தினால் மிச்சமும் போகும், துணிப்பையில் போட்டால் வழியிலேயே கணக்கு முடிந்தது. அதோடு, ஒரு மோசமான இடத்து மண்ணை ஒன்பது நல்ல இடத்து மண்ணோடு கலந்தால் மோசம் பத்தில் ஒன்றாகக் குறைந்து ரிப்போர்ட்டில் அழகாகத் தெரியும். எண்ணெய் சோதனையில் மண்ணைக் கலக்காமல், உலர்த்தாமல், வெட்டின உடனே அடைக்க வேண்டும்.

கையில் எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். அகலமான வெள்ளைப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் கட்டி உடைத்துப் போடுங்கள். எண்ணெய் இருந்தால் வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வாழும் பாக்டீரியாவும் இதே மாதிரி மினுக்கும் படலம் போடும், ஏமாந்துவிடக் கூடாது. குச்சியால் குத்திப் பாருங்கள்: பாக்டீரியாப் படலம் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கும், எண்ணெய்ப் படலம் விலகி மறுபடி கூடிக்கொள்ளும். கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் டீசலும் என்ஜின் ஆயிலும் ஒளிர வாய்ப்புண்டு. ஆனால் அந்த மலிவு டார்ச் ஒளியில் பெட்ரோல் பெரும்பாலும் ஒளிராது. சுண்ணாம்புக் கட்டியும் சிப்பியும் சோப்புத் தூள் கலந்த சாக்கடை மண்ணும் நன்றாகவே ஒளிரும். எனவே டார்ச்சை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மண்ணை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகரவும் வேண்டாம். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். அதுவுமில்லாமல் நாலைந்து தடவை முகர்ந்த பிறகு மூக்கு மரத்துப்போய் எல்லாமே சுத்தமாகத் தோன்றும்.

தொழில்முறையில் நாங்கள் தளத்தில் அதிகம் நம்புவது பி.ஐ.டி. என்ற கைமீட்டர். உள்ளே ஒரு புற ஊதா விளக்கு. காற்றில் வரும் ஆவியின் மூலக்கூறுகளை அது மின்னூட்டம் பெறச் செய்ய, அந்த மின்னோட்டத்தை மீட்டர் எண்ணாகக் காட்டும். விலை லட்சங்களில், ஆகவே வாங்க வேண்டாம். சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்களிடம் இருக்கும், ஆளோடு ஒரு நாளைக்குக் கேட்கலாம். வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் பாதி அளவு மண், வாயில் அலுமினியத் தாள், அதன் மேல் மூடி. குலுக்கிவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் வைத்து, மூடியைத் திறந்து, தாளில் மீட்டரின் மூக்கால் குத்தி, ஏறி நிற்கும் உச்ச எண்ணைக் குறிக்க வேண்டும். எல்லா பாட்டிலுக்கும் ஒரே நேரம், ஒரே நிழல், ஒரே அளவு மண். ஒன்று வெயிலிலும் ஒன்று நிழலிலும் இருந்தால் ஒப்பிடுவதில் பொருளில்லை. மனையிலேயே பங்க் வேலை எதுவும் நடக்காத மூலையில் ஒரு மண்ணும், வெறும் பாட்டில் ஒன்றும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். ஜிப் பை வைத்துச் செய்பவர்களும் உண்டு. சில பைகள் தாமே ஏதோ ஒன்றைக் கசியவிட்டு மீட்டரை ஏற்றும், அதனால் அங்கேயும் வெறும் பையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் குழப்பம் வரும். பி.ஐ.டி. காட்டும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) பாட்டிலுக்குள் இருக்கும் காற்றின் கணக்கு. மண்ணில் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது அல்ல. ஒன்றை மற்றொன்றாக மாற்ற நம்பகமான வாய்ப்பாடு கிடையாது, களிமண்ணுக்கும் மணலுக்கும் நிறைய வித்தியாசம். சுத்தமான மூலையில் 2 காட்டி டாங்க் இருந்த இடத்தில் 600 காட்டினால் அது தெளிவான செய்தி. 2-க்கும் 9-க்கும் உள்ள வித்தியாசத்தில் நான் பணம் கட்ட மாட்டேன். ஒரு அளவுக்குச் சொல்வதானால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நிலத்தடி டாங்க்கை எடுக்கும்போது பக்கத்து மண்ணின் பாட்டில் காற்று 100 பி.பி.எம். தொட்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். இந்த மீட்டருக்குப் பெட்ரோல் நன்றாகத் தெரியும், டீசல் அரைகுறை, கழிவு ஆயில் அநேகமாகத் தெரியாது. மீத்தேன் தெரியவே தெரியாது. சாக்கடையிலிருந்து வரும் மீத்தேனைப் பெட்ரோலோடு குழப்பாது என்பது இதில் ஒரு வசதி. மழைக்கால ஈரம் விளக்கில் படிந்தால் எண் ஏறவும் செய்யும் இறங்கவும் செய்யும். காலையில் அளவு தெரிந்த ஐசோபியூட்டிலீன் வாயு கொடுத்து மீட்டரைச் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அன்றைய எண்களை மறந்துவிடலாம்.

டீசலுக்கும் ஆயிலுக்கும் வேறு கிட் உண்டு. பெட்ரோஃபிளாக் போன்றவற்றில் மண்ணை ஒரு கரைப்பானில் குலுக்கி, வடிகட்டி, இன்னொரு திரவம் சேர்த்தால் எண்ணெய் இருக்கிற அளவுக்குக் கலங்கும். கலங்கலை ஒரு சிறு கருவி அளக்கும். கனமான எண்ணெய்க்கு நல்லது, பெட்ரோலுக்கு ஆகாது. இலைமக்கு அதிகமான கருப்பு மண்ணில் செடிகளின் இயற்கை மெழுகையும் எண்ணெய் என்று காட்டிவிடும். எண்ணெயில் மட்டும் கரையும் சிவப்புச் சாயம் போட்டுக் குலுக்கும் முறையும் உண்டு. தனித் துளியாகத் தேங்கிய எண்ணெய் இருந்தால் அது சிவக்கும். தண்ணீரில் கரைந்துபோன பென்சீனை அது காட்டாது.

இவை எல்லாவற்றையும் செய்வது எந்த மண்ணை லேபுக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கத்தான். மீட்டரில் அதிகம் வந்த இரண்டு மூன்றும், சுத்தம் என்று வந்த ஒன்றிரண்டும் போக வேண்டும். நுனி வெட்டிய பிளாஸ்டிக் சிரிஞ்சை மண்ணில் குத்தி, ஐந்து கிராம் அளவுக்கு எடுத்து, லேப் கொடுத்த மெத்தனால் குப்பியில் தள்ளி உடனே மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது வழக்கம். இந்தக் குப்பியைத் தராத லேப், பெட்ரோல் பார்க்கத் தோதான லேப் இல்லை.

லேபில் என்ன சோதனை என்று எழுதிக்கொடுப்பது இன்னும் முக்கியம். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது 'ஆயில் அண்ட் கிரீஸ்'. மண்ணிலிருந்து எண்ணெயைக் கரைப்பானில் இறக்கி, கரைப்பானைச் சூடாக்கி ஓட்டிவிட்டு, மிஞ்சியதை எடை போடுவார்கள். அந்தச் சூட்டில் பெட்ரோலும் சேர்ந்து பறந்துவிடும். கனமான ஆயிலும், சமையல் எண்ணெயும், செடி மெழுகும்தான் எடையில் நிற்கும். பெட்ரோல் பங்க் மண்ணுக்கு 'ஆயில் அண்ட் கிரீஸ் இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது விற்க வந்தால், சோதனையே தப்பு என்று சொல்லிவிடலாம். நீங்கள் கேட்க வேண்டியது, கலவையைப் பொருள் வாரியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி முறையில் மேலே சொன்ன நான்கு பொருள்களும், நாப்தலீனும், கார்பன் நீள வாரியாகப் பிரித்த மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனும். பங்க் 2000-க்கு முன்பிருந்தே ஓடியதென்றால் ஈயமும் பாருங்கள். இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது அந்த ஆண்டில்தான். ஈயம் ஆவியாவதுமில்லை, மக்குவதுமில்லை.

எதைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே ஊர்த் தண்ணீருக்கு இரண்டு தீர்ப்பு வரும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தை நினைக்கலாம். அனல் மின் நிலையத்தின் எண்ணெய் கிணறுகளில் இறங்கிவிட்டது என்று 2014, 2015-இல் மக்கள் போராடியபோது, ஒரு பக்கம் கிணற்று நீரில் எண்ணெய், கிரீஸ் அளவு மீறியதாகச் சோதனைகள். இன்னொரு பக்கம் அபாயகரமான மாசு இல்லை என்று நிபுணர் குழு. கடைசியில் 2019-இல் இலங்கை உச்ச நீதிமன்றம், மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் கிணற்று உரிமையாளர்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. அங்கே அடியில் சுண்ணாம்புப் பாறை, விரிசலும் குகையுமாக. அந்த மாதிரி நிலத்தில் இரண்டு கிணற்றுக்கு நடுவில் இருக்கும் மூன்றாவது கிணறு எப்படியிருக்கும் என்று ஊகிக்கவே முடியாது.

ரிப்போர்ட்டில் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? இங்கே நான் உறுதியாகப் பேச முடிந்தது கொஞ்சம்தான். நம் அபாயகரக் கழிவு விதிகளில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பனுக்கு வரும் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம் என்ற எண்ணைப் பலர் 'பாதுகாப்பு அளவு' என்று காட்டுவார்கள். அது ஒரு மண்ணைக் கழிவாகக் கணக்கிடுவதா என்பதற்கான எண். அதன் மேல் வீடு கட்டலாமா என்பதற்கானது அல்ல. நெதர்லாந்தின் மண் விதியில் கனிம எண்ணெய்க்கு (பெட்ரோலிய எண்ணெய்க்கு) தலையிடும் அளவு, அதாவது அதைத் தாண்டினால் மாசு தீவிரம் என்று கருதும் அளவு, அதே 5,000. ஆனால் பென்சீனுக்கு 1.1 மட்டும். மொத்த எண்ணெய் குறைவாக இருந்தும் பென்சீன் அளவுமீறி இருக்கலாம். மொத்தம் அதிகமாக இருந்தும் எல்லாம் பழைய கனமான எண்ணெயாக, வீட்டுக்குள் ஆவி வராததாக இருக்கலாம். ஒற்றை எண்ணைப் பார்த்து 'வாங்கு', 'வாங்காதே' என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ரிப்போர்ட்டையும் மனையையும் பார்க்காமல் நானும் சொல்லப் போவதில்லை.

தோண்டும்போது ஒரு எச்சரிக்கை. ஜேசிபி வைத்து வெட்டினால் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, வாடை இல்லாவிட்டாலும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பீடியோ, சுவிட்சோ, வெல்டிங்கோ அருகில் வேண்டாம். மாதிரியை ஜேசிபி வாளியிலிருந்தே எடுக்கலாம்: வாளியின் இரும்பைத் தொட்ட மண்ணை ஒதுக்கி, நடுவில் உள்ள கட்டியைப் பிளந்து உள்மண்ணை எடுங்கள். வாளியில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகுகிறதா என்றும் பாருங்கள். வண்டியே ஒழுகவிட்ட ஆயிலைப் பங்க் தலையில் கட்டிய கதைகள் உண்டு.

போர் போடுவதை லேப் ரிப்போர்ட் வரும்வரை தள்ளிவையுங்கள். எண்ணெய் தேங்கிய அடுக்கைக் குத்திக்கொண்டு போர் இறங்கினால், அதுவரை மேலே நின்ற எண்ணெய்க்குக் கீழ்ப்பாறை நீர் வரை நாமே வழிவிட்டதாகும். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீடுகளின் போர்த் தண்ணீரில் எரிபொருள் வந்தது நிலத்தடிக் குழாய்க் கசிவால். கசிந்த இடத்தில் குடியிருந்தவர்கள் யாரும் எதையும் கொட்டவில்லை. அதனால் உங்கள் பக்கத்து வீட்டு போர்களிலும் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி, பாட்டிலில் காற்றுக்கே இடமில்லாமல் நிரப்பி, அதே நான்கு பொருள்களுக்குப் பாருங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அந்த அளவில் வாடையும் தெரியாது, ருசியும் தெரியாது.

செலவு செய்வதற்கு முன் ஒரு காகிதம் கேளுங்கள். பங்க் நடத்த நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தோடு டாங்க், குழாய், மெஷின் எங்கெங்கே என்று காட்டும் அங்கீகரித்த வரைபடம் இருக்கும். மனைக்காரரிடமோ, முன்னாள் டீலரிடமோ அதன் நகல் இருந்தால் எங்கே தோண்டுவது என்ற கேள்வியில் பாதி முடிந்தது. டாங்க் எடுத்தபோது மண் பார்த்த ரிப்போர்ட் ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். இரண்டுமே இல்லை என்றால், மண் சோதனை முடியும்வரை முன்பணம் திரும்பப் பெறலாம் என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரியை வக்கீலிடம் கொடுத்து எழுதுங்கள், அது என் துறை இல்லை. வரைபடம் கிடைத்து, பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டமும் மண்ணின் வகையும் தெரிந்தால், எத்தனை குழி, எத்தனை அடி என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்.